அம்மாவுக்குப் பதிலி

எல்லாம் ஒரு படத்தில் ஆரம்பித்தது. பகல்நேரக் காப்பகத்தில் ஒரு நாள் பிள்ளைகளுக்குக் காகிதமும் கலர் பென்சிலும் கொடுத்து, அவரவர் அம்மாவை வரையச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் உலக வழக்கப்படி ஒரு வட்டம் போட்டு, அதன் மேல் கிறுக்கலாக முடி வைத்து, கீழே இரண்டு குச்சிக் கால்களை ஒட்டிவிட்டார்கள். மிளகு மட்டும் ஒரு கட்டம் போட்டாள். கட்டத்துக்குள் ஒரு முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கட்டத்தின் ஓரத்தில், முகத்தைவிடப் பெரிதாக, ஒரு கட்டைவிரல் இருந்தது.

கட்டைவிரல் அப்பாவுடையது. தினமும் ஃபோனைப் பிடித்துக்கொண்டிருப்பது அவன்தானே.

மிளகு என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். பிறந்தபோது கைக்குள் அடங்குகிற அளவில் இருந்துகொண்டு ஆஸ்பத்திரியையே தூக்கி நிறுத்துகிற மாதிரி கத்தினாளாம். இப்போது வயது மூன்றரை. அப்பன் லிஃப்ட் மெக்கானிக். அம்மா வேறொரு நாட்டில், ஒரு பெரிய வீட்டில், அந்த வீட்டாருடைய இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தாள். அந்த வீட்டுக்காரி பத்துப் பேரை நிராகரித்துவிட்டு இவளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், டிவியோ ஃபோனோ காட்டாமல் நாள் முழுக்கப் பிள்ளைகளைச் சமாளிப்பேன் என்று இவள் சொன்னதுதான். சொன்னபடி சமாளித்துக்கொண்டும் இருந்தாள். அந்தப் பிள்ளைகள் மதியம் தூங்குகிற நேரம் இங்கே சாயங்காலம். அப்போது கூப்பிடுவாள். வேலை முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது, அதுவரை மகள் தன் முகத்தை மறந்துவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

படத்தைப் பார்த்த காப்பக மிஸ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு அதே கையால் ஃபோனை எடுத்துப் படத்தைப் படம் பிடித்து, இளங்கண் காப்பு வாரியத்துக்கு அனுப்பிவைத்தார்.

சின்னப் பிள்ளைகளுக்குத் திரை காட்டலாமா கூடாதா என்று ஊரே நெடுநாளாக அடித்துக்கொண்டிருந்தது. டாக்டர்கள் ஒன்று சொன்னார்கள், மாமியார்கள் வேறொன்று சொன்னார்கள், பிள்ளை சாப்பிட்டால் போதும் என்று பெற்றவர்கள் இருந்தார்கள். விவாதம் முடிகிற வழியாக இல்லை. அதற்குள் வாரியத்துக்குக் கட்டிடம் கட்டி முடித்துவிட்டார்கள். கட்டிடம் வந்தபிறகு சும்மா வைத்திருக்க முடியாது என்பதால் சட்டமும் வந்தது. ஐந்து வயதுக்குக் கீழே எந்தப் பிள்ளைக்கும், பார்த்துக்கொள்பவர் யாராக இருந்தாலும், எந்தத் திரையையும் காட்டக் கூடாது. மீறினால் எச்சரிக்கை. மறுபடி மீறினால் பிள்ளையைத் திரையில்லா இல்லத்தில் சேர்த்துவிடுவார்கள்.

மெக்கானிக் மகளைத் தூக்கிக்கொண்டு விசாரணைக்குப் போனான். வாரியத்தின் லிஃப்ட்டுக்குள் ஒரு திரை இருந்தது. அதில் வாரியத் தலைவி விடாமல் கைகூப்பிக்கொண்டிருந்தார். மிளகும் பதிலுக்குக் கைகூப்பினாள்.

காத்திருப்புக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்கத் திரை. அதில் ஒரு முயல் ஆடிக்கொண்டிருந்தது. "திரை வந்தா என்ன செய்வே? கண்ணை மூடு! கண்ணை மூடு!" என்று பாடி, முன்னங்கால் இரண்டாலும் தன் கண்ணைப் பொத்திக்கொண்டது. கூடத்தில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கு வழியாக முயலையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிளகு வந்த கொஞ்ச நேரத்தில் அவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

மெக்கானிக் குமாஸ்தாவிடம் போனான். "சார், திரையே காட்டக் கூடாதுன்னு சொல்றீங்க. இங்க ஓடிக்கிட்டிருக்கே?"

குமாஸ்தா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது திரை இல்ல. விழிப்புணர்வு."

"பிள்ளைங்க பார்க்கிறாங்களே."

"பார்த்தாத்தானே பார்க்கக் கூடாதுன்னு தெரியும்?"

அவன் திரும்பிப் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தான். கூப்பிட்டபோது மகளோடு எழுந்தான். குமாஸ்தா தடுத்தார். விசாரணை அறையில் திரை இருப்பதால் குழந்தை உள்ளே வரக் கூடாதாம், கூடத்திலேயே இருக்கட்டும் என்றார். மிளகுக்கு ஆட்சேபம் இல்லை. முயல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தது.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவி மட்டும் நேரில் இருந்தார். மற்ற இருவரும் வேலைப்பளு காரணமாகத் திரையில் இருந்தார்கள். அதில் ஒருவர் கேமராவை எப்படித் திருப்பி வைத்திருந்தாரோ, அவர் வீட்டு மின்விசிறி மட்டும் தெரிந்தது. மேஜை மேல் மிளகு வரைந்த படம் கண்ணாடி போட்டு வைக்கப்பட்டிருந்தது.

"உங்க மேல குத்தம்னு நாங்க சொல்லல," என்றார் தலைவி அன்பாக. "கவலைன்னு சொல்றோம். குழந்தை தினமும் என்ன பார்க்குது?"

"அவங்கம்மாவைத்தான் மேடம்."

"அது புரியுது. உள்ளடக்கம் என்ன?"

"என்னது மேடம்?"

"திரையில என்ன வருது?"

"அவங்கம்மா."

மின்விசிறி பேசியது. "அறிவூட்டும் வகையா, பொழுதுபோக்கு வகையா?"

மெக்கானிக் நேர்மையாகவே யோசித்துப் பார்த்தான். "சாப்டியான்னு கேப்பா சார். பல்லைக் காட்டுன்னு சொல்லுவா. நகம் வெட்டலன்னு என்னைத் திட்டுவா. கடைசியில ஒரு பாட்டுப் பாடுவா."

"அப்போ கலப்பு வகை," என்று மின்விசிறி பதிவு செய்துகொண்டது.

தலைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நான் அதிகாரியா பேசல, ஒரு தாயா பேசறேன். எனக்கும் ஒரு பையன் இருக்கான். நாலு வயசு. இன்னி வரைக்கும் ஒரு திரையை அவன் கண்ணால பார்த்ததில்ல. அவனைப் பார்த்துக்க ஒரு அம்மாவை வெச்சிருக்கேன், அவ்ளோ கண்டிப்பு. காலையில நான் கிளம்பும்போது அவன் தூங்கிட்டிருப்பான், திரும்பிப் போகும்போதும் தூங்கிட்டிருப்பான். இந்த வாரியத்தைத் தூக்கி நிறுத்தணும்னா ஒரு தாய் கொஞ்சம் தியாகம் பண்ணித்தான் ஆகணும். ஆனா அவன் என்ன பண்றான், ஏது பண்றான், ஒவ்வொரு நிமிஷமும் எனக்குத் தெரியும்." ஃபோனைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு பையன் தனியாகத் தரையில் உட்கார்ந்து ஒரு மரக்கட்டையை இன்னொரு மரக்கட்டையின் மேல் வைத்துக்கொண்டிருந்தான். "பாருங்க, எவ்ளோ நிம்மதியா இருக்கான். கேமரா இருக்கிறதே அவனுக்குத் தெரியாது."

மெக்கானிக் பார்த்தான். பையன் கட்டையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தான்.

அப்படிப் பேசியதிலேயே தலைவிக்குத் தீர்ப்பும் கிடைத்துவிட்டது. "தாய்ப்பாசத்துக்கு வாரியம் எதிரி இல்ல. தாய் பார்க்கட்டும். கண் குளிரப் பார்க்கட்டும். குழந்தை பார்க்கக் கூடாது, அவ்ளோதான்."

கிளம்புவதற்கு முன் அவன் ஃபோனில் ஒரு செயலியை ஏற்றினார்கள். திரை எரியும்போது சின்னப் பிள்ளையின் முகம் எதிரே வந்தால் அது ஊளையிடும், வாரியத்துக்கும் தகவல் போய்விடும். அன்றிலிருந்து மெக்கானிக் ஃபோனின் முதுகை மகள் பக்கம் திருப்பிப் பிடித்தான். அவள் அம்மா அவளைப் பார்த்தாள். மிளகு மூன்று கேமராக் கண்களையும் ஒரு கம்பெனி முத்திரையையும் பார்த்தாள். முதல் நாள் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு மறுபக்கம் ஓடி வந்தாள். அவன் திரும்பினான். அவள் மறுபடி ஓடினாள். இருவரும் அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"அம்மா எங்க?"

"இதுக்குள்ளதான்."

"ஏன் மூஞ்சியக் காட்ட மாட்டேங்கிறா? கோவமா?"

"கோவம் இல்லடி கண்ணு," என்றது ஃபோனின் முதுகு.

"அப்போ காட்டு."

மறுபக்கத்தில் அவன் மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை வேறு பக்கம் திருப்பியதை அவன் மட்டும் பார்த்தான். கொஞ்ச நாளில் மிளகு ஃபோன் முன்னால் வந்து நிற்கவே மறுத்துவிட்டாள். கூப்பிட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். "என்னங்க, ஏதாவது பண்ணுங்க. காலைப் பிடிச்சாவது கேளுங்க," என்றாள் மனைவி.

மறுபடி வாரியத்துக்குப் போனான். மிளகு கூடத்தில் முயலோடு இருந்தாள். அவன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். "லிஃப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டா நான் வெளியில நின்னு பேசிக்கிட்டே இருப்பேன் மேடம். கொஞ்ச நேரம் குரலே போதும். அப்புறம் கதவை இடிக்க ஆரம்பிச்சிடுவாங்க. ஒரு இடுக்காவது திறந்து மூஞ்சியக் காட்டிட்டாத்தான் அடங்குவாங்க. குழந்தையும் அப்படித்தான்."

"அருமை," என்று தலைவி குறித்துக்கொண்டார். "அப்போ குழந்தைக்கு வேண்டியது ஒரு முகம். திரையில இல்லாத முகம்." ஒரு வாரத்தில் முகத்தை அனுப்பிவைத்தார்கள்.

வந்தவர் பதிலி. அதுதான் அவருடைய பதவி. முன்பு பேருந்து நிலையத்தில் அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தவர். அங்கே பதிவு செய்த குரல் வந்ததும் இவர் உபரி ஊழியராகிவிட்டார், வாரியம் அணைத்துக்கொண்டது. ஐம்பத்தைந்து வயது, வெள்ளை மீசை, சட்டைப் பையில் 'நான் திரை அல்ல' என்ற அட்டை. ஏற்பாடு சுலபமானது. அம்மா அங்கிருந்து இவர் காதில் மாட்டியிருக்கும் கருவிக்குப் பேசுவாள். இவர் அதைக் குழந்தைக்கு நேருக்கு நேர் பேசுவார். குழந்தை சொல்வதும் அதே கருவி வழியாக அம்மாவுக்குக் கேட்கும், அதிலிருக்கும் குட்டிக் கேமராவில் குழந்தையும் தெரியும்.

முதல் நாள் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். "மிளகு அவர்களின் கவனத்துக்கு. அம்மா பேசுகிறேன். சாப்டியாடி தங்கம்?"

மிளகு அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"பல்லைக் காட்டு. அப்பா தலை வாரி விடலியா? என்னங்க, சிக்கு எடுக்கத் தெரியாதா உங்களுக்கு? எத்தனை தடவை சொல்றது?" பதிலி மீசை அசையாமல் அவனைத் திட்டி முடித்தார். பிறகு, "முத்தம். கன்னத்தில். இரண்டு," என்றார். தொடுவதற்கு விதியில் இடமில்லை. அடுத்து பாட்டையும் ஒரே தொனியில் வாசித்தார். கடைசியில் வாயை மூடிக்கொண்டு வெகுநேரம் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறாள் என்று மெக்கானிக் கேட்டான்.

"அழுகை," என்றார் பதிலி. சற்று நேரம் கழித்து, "இன்னும் அழுகை," என்றார்.

இப்படி ஒருவரிடம் எந்தக் குழந்தை ஒட்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். மெக்கானிக்கும் அப்படித்தான் நினைத்தான். ஆனால் பதிலி தினமும் வந்தார். மழையிலும் வந்தார். வெளியே செருப்புச் சத்தம் கேட்டதும் மிளகு கட்டிலுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். பிறகு வாசலுக்கு ஓடினாள். பிறகு அவருடைய முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, விழுந்த கதை, அடித்த கதை எல்லாம் சொன்னாள். அவள் பேசுவது இந்த மீசையிடம்தான். கேட்பது எங்கேயோ இருந்த ஒருத்தி. ஒரு நாள் அவர் செருப்பைக் கழற்றும்போதே மிளகு, "அப்பா, அம்மா வந்தாச்சு!" என்று கத்தினாள். பதிலி ஏற்கெனவே காதில் கருவியை மாட்டியிருந்தார். மறுமுனைக்கும் கேட்டிருக்கும். அன்று அவர் நெடுநேரம் எதையும் அறிவிக்கவில்லை.

அறிக்கையில் எழுதினார்: ஒட்டுதல் ஏற்பட்டுள்ளது. திருப்திகரம்.

பிறகொரு சாயங்காலம் மெக்கானிக் வேலை முடிந்து தாமதமாக வீட்டுக்குள் நுழைந்தான். காப்பகத்திலிருந்து மிளகைக் கூட்டிவந்து வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே பதிலி பேசிக்கொண்டிருந்தார். "என்ன சாப்ட்ட? முட்டையா? மஞ்சள் கருவைத் தூக்கிப் போட்டுட்டியா? கள்ளி." மிளகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். காதுக் கருவி மேஜை மேல் அதன் டப்பாவுக்குள் கிடந்தது.

பதிலி அவனைப் பார்த்தார். அவன் டப்பாவைப் பார்த்தான். அவன் போய்க் கை கழுவினான்.

அன்று மகள் தூங்கியபிறகு மனைவியின் செய்தி வந்திருந்தது. 'என்னங்க, ரெண்டு மூணு நாளா லைனே கிடைக்கல. ரொம்ப அழறாளா?'

மிளகு அழவில்லை. அம்மா வராமல் போனதே அவளுக்குத் தெரியவில்லை. இதை எப்படி எழுதுவது என்று மெக்கானிக் ஃபோனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். எதையாவது உணர்ந்தாக வேண்டும் என்று தோன்றியது. கால் மரத்துப்போனதுபோல மனசும் மரத்துக் கிடந்தது. கடைசியில், 'ஆமா, உன்னைத்தான் கேக்கறா' என்று எழுதி அனுப்பினான். அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், ஒரு முத்தப் படம் அனுப்பினாள்.

வாரியத்தின் ஆண்டு விழா வந்தது. மிளகுதான் அந்த வருஷத்தின் வெற்றிக் கதை. அரங்கம் நிறைய ஆட்கள். மேடையில் ஒரு குட்டி நாற்காலியில் மிளகு, எதிரே பெரிய நாற்காலியில் பதிலி. மிளகுக்குப் பின்னால் அரங்கத்தின் அகலத்துக்கு ஒரு திரை. விருந்தினர் எல்லாம் ஐந்து வயதைத் தாண்டியவர்கள் என்பதால் அதற்குத் தனி அனுமதி வாங்கியிருந்தார்கள். விழாவுக்காக அம்மாவையும் இணைத்திருந்தார்கள். மெக்கானிக்கை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள்.

தலைவி ஒலிபெருக்கியைப் பிடித்தார். "மூடின கதவுக்குப் பின்னால மாட்டிக்கிட்டவங்களுக்கு வேண்டியது ஒரு முகம்! என் நீண்டகால அனுபவத்துல நான் கண்டுபிடிச்ச உண்மை இது. தாயைக் குழந்தைகிட்ட இருந்து பிரிச்சிட்டீங்களேன்னு சில பேர் கேக்கறாங்க. பிரிச்சது நாங்களா? அவங்க ஏற்கெனவே பிரிஞ்சுதானே இருந்தாங்க! அந்தப் பிரிவு திரையில தெரிஞ்சுது. இப்போ தெரியல. இது சாதனையா இல்லையா?" கைதட்டல் அடங்கியதும் மேலே பார்த்தார். "இப்போ பாருங்க. பேசுங்கம்மா."

திரையில் அவள் வந்தாள். யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில், முடியை அவசரமாகக் கட்டிக்கொண்டு நின்றாள். மெக்கானிக் அவளை அவ்வளவு பெரிதாகப் பார்த்ததே இல்லை. இளைத்திருந்தாள். மகளின் முதுகைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"மிளகு! கண்ணு! அம்மாடி! இங்க பாருடி!"

குரல் நாலு பக்கத்திலிருந்தும் வந்தது. மிளகு பதிலியின் வாயைப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. எட்டி அவர் மீசையைத் தட்டினாள். "பேசு," என்றாள். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் விதிப்படி அவர் அதை அறிவிக்க வேண்டியதில்லை.

"மிளகு! பின்னாடி பாரு தங்கம்!"

மிளகு மறுபடி மீசையைத் தட்டினாள்.

"பார்த்தீங்களா!" தலைவிக்குக் குரல் தழுதழுத்தது. "திரும்பிக்கூடப் பார்க்கல! பெத்த தாயே கூப்பிட்டும் திரும்பிக்கூடப் பார்க்கல!" அரங்கம் எழுந்து நின்று தட்டியது.

மெக்கானிக்கும் எழுந்தான். கோபம் என்று எதுவும் வரவில்லை. சிக்கிக்கொண்ட கதவை நெம்பித் திறக்கப் போவதுபோல நிதானமாக மேடை ஏறினான். எச்சரிக்கை, இல்லம் எல்லாம் நினைவிருந்தது, கால் நிற்கவில்லை. மகளை நாற்காலியோடு தூக்கித் திரை பக்கம் திருப்பி வைத்தான்.

"அங்க பாரு மிளகு. அம்மா."

மிளகு அண்ணாந்து பார்த்தாள். சுவர் முழுக்க ஒரு முகம் அவளைப் பார்த்துச் சிரித்தது. ஒரு கணம்தான். உடனே இரண்டு கையையும் தூக்கிக் கண்ணைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கு இல்லாமல், இறுக்கமாக.

திரையில் அவள் திகைத்துப்போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, அவளும் இரண்டு கையாலும் தன் கண்ணைப் பொத்திக்கொண்டாள். "ஓ, கண்ணாமூச்சியா? சரி, அம்மாவும் மூடிட்டேன். ஒண்ணு... ரெண்டு... மூணு..." பத்து வரை எண்ணிவிட்டுக் கையை எடுத்துப் பார்த்தாள். மிளகு எடுக்கவில்லை. "இன்னும் மூடிட்டுதான் இருக்கியா? கள்ளி." மறுபடி கண்ணைப் பொத்திக்கொண்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

நாலு எண்ணுவதற்குள் அந்த வீட்டுக்குள் எங்கேயோ ஒரு பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது. அவள் திரும்பி, "இதோ வரேன், இதோ வரேன்," என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னாள். திரை அணைந்தது.

"போயிட்டா மிளகு," என்றான் மெக்கானிக். "கையை எடு."

மிளகு கையை எடுத்தாள். அழுத்திப் பொத்தியதில் கண்ணைச் சுற்றிச் சிவந்திருந்தது.

"நான் பார்க்கவே இல்லப்பா," என்றாள் பெருமையாக.